உங்களுக்குத் தெரியுமா? ஒரு சொட்டு ரத்தத்தின் கிரிவலம்

கழுகைத் தேடிப் போன சோதனை

திருக்கழுக்குன்றத்துப் பெரியவர்களைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள்: உச்சிவேளையில் மலைமேல் பொங்கலோடு காத்திருக்க, எங்கிருந்தோ இரண்டு பறவைகள் வந்து உண்டுவிட்டுப் போகும். ஊருக்கே பெயர் தந்த அந்த வருகை 1990களின் இறுதியோடு நின்றுபோனது. நாம் கழுகு என்று கும்பிட்டதைப் பறவையியலார் மஞ்சள்முகப் பாறு என்பார்கள். பிணந்தின்னிக் கழுகு இனம். அதே காலத்தில்தான் இந்தியா முழுக்கப் பாறு இனங்கள் கொத்துக்கொத்தாக மறைந்தன.

ஏன் மறைந்தன என்பதைக் கண்டுபிடித்தது ஒரு சிறுநீரகச் சோதனை. பாகிஸ்தானில் இறந்துகிடந்த வெண்முதுகுப் பாறுகளை லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் அறுத்துப் பார்த்தார்கள். பலவற்றின் உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருந்தது. அப்படிப் படிந்திருந்த 25 பறவைகளின் சிறுநீரகத்தைச் சோதித்தபோது 25லும் டைக்ளோஃபெனாக் இருந்தது. படியாத 13ல் ஒன்றில்கூட இல்லை. 2004ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான முடிவு இது. நாம் மூட்டுவலிக்குப் போட்டுக்கொள்ளும் அதே மருந்துதான் டைக்ளோஃபெனாக். வலியில் கிடந்த மாட்டுக்குப் போட்ட ஊசி, மாடு செத்தபின் அதைத் தின்ற பறவையைக் கொன்றது. 2006ல் கால்நடைகளுக்கு இந்த மருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்பதால் 2015ல் ஊசிக் குப்பியின் அளவும் 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது.

இதை வைத்து, நம் மலைக்கு வந்த ஜோடியையும் இந்த மருந்துதான் கொன்றது என்று சொல்லிவிடக் கூடாது. சோதித்தது வேறு இனம், வேறு நிலம். ஆனால் அந்தச் சிறுநீரகங்களுக்குள் ஒளிந்திருந்த மருந்தைப் பிரித்துக் காட்டிய முறை, நம் ஊர் ஆய்வகங்களில் நம்முடைய ரத்தத்தையும் சிறுநீரையும் தினமும் படித்துக்கொண்டிருக்கிறது. குரோமட்டோகிராபி. பள்ளிப் பாடநூலில் வண்ணப்பிரிகை.

எப்படிப் பிரிக்கிறது?

பௌர்ணமியன்று திருக்கழுக்குன்றத்தின் வேதகிரி மலையைச் சுற்றக் கிளம்புகிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் புறப்படுகிறார்கள். வழி நெடுக மோர்ப் பந்தல், சுண்டல் கடை, சிறு சந்நிதிகள். கடைப் பக்கம் திரும்பாதவர் முதலில் வந்து சேர்கிறார். ஒவ்வொரு சந்நிதியிலும் நின்று கற்பூரம் ஏற்றுபவர் கடைசியில் வருகிறார். வந்து சேரும் நேரத்தை வைத்தே அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாம்.

ஆய்வகத்தில் மலைப்பாதைக்குப் பதில் ஒரு மெல்லிய குழாய். உள்ளே கலவையை இழுத்துச் செல்வது திரவம் அல்லது வாயு. வழியில் பிடித்து நிறுத்துவது குழாயின் உட்பூச்சு அல்லது அதில் அடைத்த துகள். வாயு முறையில் பயன்படும் குழாய் பெரும்பாலும் 30 மீட்டர் நீளம் இருக்கும். உள்விட்டமோ கால் மில்லிமீட்டர்தான். சுருட்டிச் சிறு அடுப்புக்குள் வைத்திருப்பார்கள். முனையில் ஒவ்வொரு பொருளும் வந்து விழும்போது திரையில் ஒரு முகடு எழும். ஆய்வகத்தார் அதை ‘பீக்’ என்பார்கள். எழுந்த நேரம் இன்ன பொருள் என்று சொல்கிறது, முகட்டின் பரப்பு எவ்வளவு என்று சொல்கிறது.

பெயரே வண்ணம்

இதைக் கண்டுபிடித்தவர் மிகயீல் ஸ்வெட், ரஷ்யத் தாவரவியலாளர். இலைச்சாற்றைச் சுண்ணாம்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் ஊற்றினார். பச்சையும் மஞ்சளுமாகத் தனித்தனிப் பட்டைகள் இறங்கின. 1903ல் வார்சாவில் இதைப் பற்றிப் பேசினார், 1906ல் பெயர் சூட்டினார். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு வண்ண எழுத்து என்று பொருள். ரஷ்ய மொழியில் ஸ்வெட் என்றாலே நிறம்தான்! உலகம் கால் நூற்றாண்டுக்கும் மேல் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அங்கீகாரத்தைப் பார்க்காமலே 1919ல் இறந்துபோனார்.

மார்ட்டின், சிங் என்ற இருவர் 1941ல் வண்ணப்பிரிகையின் புது வகையொன்றை உருவாக்கி 1952ல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் வேலை பார்த்தது கம்பளித் தொழிலுக்கான ஆய்வு நிலையத்தில்.

வீட்டில் செய்து பார்க்க

ஒரு சாக்பீஸ். அடியிலிருந்து ஒரு விரல் மேலே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் சுற்றிலும் ஒரு கோடு. தட்டில் அரை விரல் அளவு தண்ணீர் ஊற்றி, கோடு நனையாதபடி சாக்பீஸை நிறுத்தி வையுங்கள். தண்ணீர் ஏற ஏற, கறுப்பு பிரிந்து நீலம், சிவப்பு, மஞ்சள் என்று வேறுவேறு உயரத்தில் நிற்கும். பிள்ளைகளை வைத்துச் செய்யுங்கள். அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள்.

மூணு மாசச் சர்க்கரை

வண்ணப்பிரிகை என்ற சொல்லையே கேள்விப்படாத பல லட்சம் தமிழர்கள் அதன் முடிவைக் கையில் வைத்திருக்கிறார்கள். எச்.பி.ஏ.1சி சோதனை.

ரத்தத்தில் சர்க்கரை கூடினால், சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் அது ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதனால் ஒட்டிய பங்கைப் பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு தெரிந்துவிடும். முதல் நாள் இனிப்பை விட்டு, வெறும் வயிற்றோடு வந்து டாக்டரைச் சமாதானப்படுத்துகிற வேலை இதில் நடக்காது. வெறும் வயிறும் தேவையில்லை.

சர்க்கரை ஒட்டியதும் ஹீமோகுளோபினின் மின்னேற்றம் சற்றே மாறுகிறது. எச்.பி.எல்.சி என்கிற உயர் அழுத்தத் திரவ முறையில், குழாயின் பிடி அதற்குத் தளர்ந்துவிடுவதால் சாதாரண ஹீமோகுளோபினுக்கு முன்னால் ஓடிவந்து தனி முகடாக நிற்கும். ஒரு மாதிரிக்குச் சில நிமிடம் போதும். 1958லேயே ஹூய்ஸ்மன், மேயரிங் இருவரும் இந்தச் சிறு முகட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். அதற்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவை 1968ல் கண்டவர் தெஹ்ரானில் இருந்த சாமுவேல் ரஹ்பர்.

6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு. இந்த எண்களை நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். ஆனால் எண் எப்போது பொய் சொல்லும் என்பதைத் தெரிந்துவைத்திருப்பவர் குறைவு. இரும்புச்சத்துக் குறைவால் சோகை இருந்தால் எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தாலோ, சிவப்பணு சீக்கிரம் உடையும் நோய் இருந்தாலோ குறைத்துக் காட்டலாம். நம் பெண்களில் எத்தனை பேருக்குச் சோகை இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. எச்.பி.ஏ.1சி பார்க்கிற நாளில் ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் கேட்காமலே டாக்டரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரைக்குப் போனவருக்குக் கிடைத்த வேறு செய்தி

அதே எச்.பி.எல்.சி படத்தில் வரக்கூடாத இடத்தில் ஒரு முகடு வந்தால், அது பரம்பரை ஹீமோகுளோபின் மாற்றமாக இருக்கலாம். அரிவாள் அணு, தலசீமியா போன்றவற்றின் வாககர்கள் (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள்) பலர் இப்படித்தான் தற்செயலாகத் தெரியவருகிறார்கள். வாகக நிலை நோயல்ல. ஆனால் கணவன், மனைவி இருவருமே வாககர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு.

இந்தியாவில் அரிவாள் அணு முதன்முதல் பதிவானது தமிழ்நாட்டில்தான். 1952ல் லேமன், கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அதைக் கண்டார்கள். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் அணு ஒழிப்பு இயக்கம் 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தது. முதல் சோதனையில் சந்தேகம் வந்தால் உறுதிசெய்யும் வழிகளில் ஒன்று இதே குழாய்.

மாத்திரை போட்டாச்சு, ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்ததா?

சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956ல் சிறு மையமாகத் தொடங்கியது. அங்கே அப்போதே கவனித்த ஒரு விஷயம்: ஐசோநியாசிட் என்ற மாத்திரையைச் சிலர் உடல் சட்டென்று அழித்துவிடும், சிலர் உடல் நிதானமாக அழிக்கும். பிறவிக் குணம் அது. வாரம் ஒருமுறை மருந்து கொடுத்துப் பார்த்தபோது, வேகமாக அழிப்பவர்களுக்குப் பலன் குறைந்தது. அன்று அதை அளந்தது வேறு முறைகளால். பின்னாளில் அதே நிறுவனத்தார் எச்.பி.எல்.சி கொண்டு, மாத்திரை போட்ட 2 மணி நேரத்தில் ரத்தத்தில் ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு காசநோய் மருந்து எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். மருந்தைத் தவறாமல் விழுங்கிய நோயாளிகளிலும் பலருக்கு எதிர்பார்த்த அளவு ஏறவில்லை.

இந்தச் செய்தி எனக்குப் பெரிதாகப் படுகிறது. நோய் குணமாகாவிட்டால் ‘நீ மாத்திரையை ஒழுங்காப் போட்டிருக்க மாட்டே’ என்று நோயாளியைக் கடிந்துகொள்வது நம் வழக்கம். அவர் போட்டிருக்கலாம். உடல் வாங்கிக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். அதைத் திட்டித் தெரிந்துகொள்ள முடியாது, அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

செங்கல்பட்டு திருமணியில், பழைய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை வளாகத்தில், 1955 முதல் மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. தொழுநோய்க்குத் தரும் டாப்சோனையும், ஐசோநியாசிட்டை மாற்றும் அதே நொதிதான் உடலில் மாற்றுகிறது. ஒருவர் வேக ரகமா, நிதான ரகமா என்று அறிய டாப்சோன் கொடுத்து ரத்தத்தை எச்.பி.எல்.சியில் பார்ப்பது ஆய்வாளர்களுக்குப் பழகிய வழி.

சதுரங்கமும் சிறுநீரும்

2022ல் மாமல்லபுரத்தில் 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது நினைவிருக்கும். செஸ் வீரர்களுக்கும் ஊக்கமருந்து விதிகள் உண்டு, தெரியுமா? உலகச் செஸ் கூட்டமைப்பு உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதிகளை ஏற்றிருக்கிறது. விளையாட்டு வீரரின் சிறுநீரை ஏ, பி என்று இரண்டு குப்பியில் பிரித்து முத்திரையிடுவார்கள். ஏ குப்பியில் சிக்கினால், வீரர் கேட்டுக்கொண்டால் பி குப்பியைத் திறப்பார்கள். வாயு, திரவ வண்ணப்பிரிகைக் கருவிகளோடு, மூலக்கூறின் நிறையைக் கொண்டு பொருளை அடையாளம் காட்டும் நிறை நிறமாலைமானியை இணைத்துத் தேடுவார்கள். மாதிரியைப் 10 ஆண்டு வரை பாதுகாத்து, புதுக் கருவி வந்தபின் மறுபடி சோதிக்கவும் விதி இருக்கிறது.

2003 வரை காபி ரசிகர்களுக்கும் ஒரு வரம்பு இருந்தது! சிறுநீரில் ஒரு மில்லிக்கு 12 மைக்ரோகிராமுக்கு மேல் காஃபீன் இருந்தால் குற்றம். 2004ல் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கல்பாக்கம் பக்கத்தில்

கல்பாக்கம் போன்ற இடத்தில் அணு எரிபொருளைக் கையாளும் ஒருவர் உடலுக்குள் புளுட்டோனியம் போயிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு முழு நாள் சிறுநீரைச் சேகரித்து, அயனிகளைப் பிடித்துவைக்கும் பிசின் நிரப்பிய குழாயில் விடுவார்கள். மற்றதெல்லாம் வழிந்து போக, புளுட்டோனியம் பிசினில் தங்கும். பிறகு அதை மட்டும் கழுவி எடுத்து, அது உமிழும் ஆல்ஃபா கதிரை எண்ணுவார்கள். எடையில் அளக்கவே முடியாத அளவும் இதில் சிக்கும்.

மூச்சுக்குள் 250

1971ல் லைனஸ் பாலிங் குழுவினர் மனித மூச்சை உறையவைத்து, வாயு வண்ணப்பிரிகையில் செலுத்தினார்கள். ஏறத்தாழ 250 வெவ்வேறு பொருள்கள். வெறும் காற்று என்று நாம் ஊதித் தள்ளுவதில்!

தாய்ப்பாலும் குப்பைமேடும்

திருக்கழுக்குன்றத்திலிருந்து சென்னைக்குப் பழைய மாமல்லபுரம் சாலையில் போனால் பெருங்குடி வரும். அங்குள்ள குப்பைமேட்டை ஒட்டி வாழ்ந்த தாய்மார்களின் பாலை ஜப்பானிய ஆய்வாளர்கள் வாயு வண்ணப்பிரிகையால் சோதித்து, முடிவுகளை 2004ல் வெளியிட்டார்கள். குப்பை எரியும்போது உண்டாகும் டையாக்சின்கள் என்னும் நச்சுகள் அந்தப் பாலில் இருந்தன. வந்த வழிகளில் ஒன்றாக அவர்கள் சந்தேகித்தது அங்கே மேய்ந்த மாடுகளின் பால். குப்பைமேட்டில் மேய்ந்த மாடு, அதன் பாலைக் குடித்த தாய், தாயிடம் குடித்த பிள்ளை. டைக்ளோஃபெனாக் பாறுக்குப் போய்ச் சேர்ந்த வழியும் இது போன்றதுதானே?

இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பால் கொடுப்பதை நிறுத்திவிடக் கூடாது. தாய்ப்பாலின் நன்மை இந்த ஆபத்தைவிடப் பல மடங்கு பெரிது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. நிறுத்த வேண்டியது குப்பைக்குத் தீ வைப்பதை.

சித்தாமூர், 2023 மே

இந்தத் தொகுப்பை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நம் செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்த சித்தாமூர் பகுதியில் பெருங்கரணை, பேரம்பாக்கம் கிராமங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம். 2023 மே நடுவில் சாராயம் என்று விற்றதைக் குடித்து, இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது சாராயமே அல்ல, தொழிற்சாலைகளுக்கான மெத்தனால் என்று தடயவியல் ஆய்வில் தெரிந்ததாக அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திரபாபு அறிவித்தார். மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

தமிழ்நாட்டுத் தடயவியல் துறைக்கு வயது அதிகம். சென்னை மாகாணத்தின் ரசாயனப் பரிசோதகர் அலுவலகமாக 1849ல் தொடங்கியது அது. நஞ்சுச் சாவு என்று சந்தேகம் வந்தால், உடற்கூராய்வில் எடுத்த உள்ளுறுப்புத் துண்டுகளைச் செறிந்த உப்புக் கரைசலில் போட்டு அனுப்புவார்கள். மற்ற சில நஞ்சுகளுக்கு ஸ்பிரிட்டில் போடலாம். சாராயச் சந்தேகம் என்றால் கூடாது, தேடுகிற பொருளை நாமே கலந்தது போல ஆகிவிடும். ஆல்கஹால் பார்க்க எடுக்கிற ரத்தத்தில் சோடியம் ஃபுளூரைடு சேர்ப்பார்கள். சேர்க்காவிட்டால் குழாயிலேயே கிருமிகள் ரத்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்து, குடிக்காதவர் ரத்தத்திலும் ஆல்கஹால் உண்டாகிவிடக்கூடும். ரத்தம் எடுக்குமுன் கையை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது என்பதும் அந்த ஆல்கஹால் ரத்தத்தில் கலந்துவிடக்கூடும் என்பதால்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்பதுதான் சட்ட வரம்பு. ஒரு பஞ்சுத் துண்டு வழக்கையே புரட்டிவிடும்.

இனி சோதனை. ரத்தத்தைச் சிறு குப்பியில் இறுக மூடிச் சூடாக்குகிறார்கள். ரத்தம் குழாய்க்குள் போவதில்லை, குப்பியின் தலைப்பகுதியில் சேரும் ஆவி மட்டும் போகிறது. மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிப்பது, எத்தனால் 78.3ல். வழக்கமான குழாய்களில் மெத்தனால் முகடு முதலில் எழும், எத்தனால் பின்னால் வரும். குடிப்பவர் நாக்குக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. மூக்குக்கும் அப்படியே. பிரித்துச் சொல்ல இந்தக் குழாய் வேண்டியிருக்கிறது. ஊரில் தீக்குச்சி கொளுத்தி ‘நீலமா எரியுது, நல்ல சரக்கு’ என்பார்கள். நம்பாதீர்கள், மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும்.

உடலுக்குள் நடப்பது இது: கல்லீரல் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக்கி, பிறகு ஃபார்மிக் அமிலமாக்குகிறது. கொல்வது அந்த அமிலம். முதலில் அடிபடுவது பார்வை நரம்பு. 10 மில்லி அளவே கண்ணைப் பறிக்கக்கூடும். கொடுமை என்னவென்றால் குடித்த உடனே எதுவும் தெரியாது. 12 முதல் 24 மணி நேரம் வரை ஆள் சாதாரணமாக இருப்பார். கூடவே எத்தனாலும் உள்ளே போயிருந்தால் இன்னும் தள்ளிப்போகும். கல்லீரல் எத்தனாலைத்தான் முதலில் கவனிக்கும். அதை வைத்தே மருத்துவமனையில் ஃபோமெபிசோல் என்ற மருந்தையோ, அளந்த எத்தனாலையோ கொடுத்து, மெத்தனால் அமிலமாவதைத் தடுக்கிறார்கள். சேர்ந்துவிட்டதை டயாலிசிஸ் மூலம் கழுவி எடுக்கிறார்கள். வீட்டில் மேலும் சாராயம் ஊற்றிக் கொடுப்பது சிகிச்சை அல்ல.

ஆய்வகத்தின் பதில் வரக் காத்திருக்கும் நேரம் இந்த நோயாளிக்குக் கிடையாது. இறந்தவரின் உள்ளுறுப்பு எவ்வளவு துல்லியமாகப் பேசினாலும் அவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. அதனால் வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். முதல் நாள் குடித்தவர் மறுநாள் கண்முன் வெண்புகை படர்கிறது என்றாலோ, வயிறு வலித்து வாந்தி எடுத்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, போதை இன்னும் தெளியவில்லை என்று படுக்கவைக்காதீர்கள். போலீசுக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்காதீர்கள். 108ஐ அழையுங்கள், என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்று மறைக்காமல் சொல்லுங்கள், கூட உட்கார்ந்து குடித்தவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள்.